சிடி19 பாசிட்டிவ்னா பயப்படணுமா?

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ரத்தப் புற்றுநோய் ரிப்போர்ட்ல சிடி10 பாசிட்டிவ், சிடி19 பாசிட்டிவ், சிடி3 நெகட்டிவ்னு ஒரு பட்டியல் இருக்கு. பாசிட்டிவ்னா ஆபத்தா?" நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறதுதான் என் வேலை. ஆனா இந்தப் பட்டியல் எப்படி உருவாகுதுன்னு சொல்ல முடியும்.

தீவிர ரத்தப் புற்றுநோயில் முதிராத வெள்ளணுக்கள் பெருகிவிடும். மைக்ராஸ்கோப்பில் அவை பல நேரம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் லிம்ஃபாய்டு வகைக்கு ஒரு சிகிச்சை, மைலாய்டு வகைக்கு வேறு சிகிச்சை. வகையைத் தப்பாகச் சொன்னால் மருந்தே தப்பாகிவிடும். அதனால் செல்லின் புரதங்களையும் பார்க்கிறார்கள்.

இந்தப் புரதங்களுக்கு வைத்த பெயர்கள்தான் சிடி எண்கள். 1982-ல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பயிலரங்கில் தொடங்கிய முறை இது. எண் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்று அர்த்தம் கிடையாது.

சோதனை ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் நடக்கும். ஒவ்வொரு புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் சேர்த்திருப்பார்கள். டோல்கேட்டில் வண்டிகள் ஒவ்வொன்றாக ஃபாஸ்டேக் காட்டிப் போகிற மாதிரி, செல்கள் ஒற்றை வரிசையில் லேசரைக் கடக்கும். எந்த நிறம் ஒளிர்ந்ததோ, அந்தப் புரதம் இருக்கு. பாசிட்டிவ்னா அவ்வளவுதான். நம்ம ரத்தத்தில் இருக்கிற சாதாரண பி செல்லும் சிடி19 பாசிட்டிவ்தான்!

இங்கே ஒரே ஒரு இஃப்-எல்ஸ் போட்டு முடிக்க முடியாது. சிடி5 பெரும்பாலும் டி செல்லின் அடையாளம். ஆனால் நாள்பட்ட லிம்ஃபாய்டு ரத்தப் புற்றுநோயில் பி செல்லிலேயே சிடி19-ம் சிடி5-ம் சேர்ந்து இருக்கும். சிடி5-ஐ மட்டும் பார்த்தால் ஏமாந்துடுவோம். எது இருக்கு, எது இல்லை, எது எதோடு சேர்ந்து இருக்கு என்று மொத்த பேட்டர்னையும் படிக்கணும். நேயர் அனுப்பிய மூன்று வரியும் பி செல் வகையைக் காட்டுது. ஆனால் எலும்பு மஜ்ஜை, மரபணு சோதனைகளையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

இன்னொன்று. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் சென்டரும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023-ல் இந்தியாவில் அனுமதி கிடைச்சது. நோயாளியின் டி செல்களை மாற்றியமைத்து, சிடி19 இருக்கிற செல்களைத் தேடி அழிக்க வைக்கிறார்கள். மற்ற சிகிச்சைக்கு அடங்காத சில பி செல் புற்றுநோய்களுக்கு இது. அங்கே சிடி19 பாசிட்டிவ் இருந்தால்தான் மருந்துக்கே வழி.

அதனால ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பாசிட்டிவ் எத்தனைன்னு எண்ணாதீங்க. "இந்த பேட்டர்ன் எந்த வகை, அதுக்கு என்ன சிகிச்சை?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.