ஒரே மரபணு, வேறு வேறு வேதனை

ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. தங்கைக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தசோகை தீரவில்லை. சோதித்துப் பார்த்தால் இருவருக்கும் சீலியாக் நோய், இருவரிடமும் அதே டி.க்யூ.2 மரபணு. சீலியாக் நோயில் இப்படி நடப்பது அபூர்வமே அல்ல.

கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதத்தின் துணுக்குகளை டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 மரபணு உருவாக்கும் மூலக்கூறு பற்றிக்கொண்டு, நோய் எதிர்ப்பு அணுக்களிடம் காட்டுகிறது. அவை தாக்கத் தொடங்கியதும், சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் தட்டையாகிப் போகின்றன. நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். ஆனால், இருப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 23,331 பேரை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், மரபணுச் சோதனைக்கு உட்பட்டவர்களில் வடக்கே 38 சதவீதத்தினரிடமும் தெற்கே 36 சதவீதத்தினரிடமும் இந்த மரபணுக்கள் இருந்தன. கிட்டத்தட்ட சமம்தான். நோயோ, வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர். அங்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம். கோதுமை ஒன்றுதான் காரணம் என்று முடித்துவிட முடியாது. ஆனாலும், சர்க்கரை நோய்க்குப் பயந்து ராத்திரிச் சோற்றைச் சப்பாத்தியாக மாற்றிக்கொண்ட தமிழ்நாட்டு வீடுகளில் இந்த நோயின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, மரபணுவை வைத்து அறிகுறியைக் கணிக்க முடியுமா? தாய், தந்தை இருவரிடமிருந்தும் டி.க்யூ.2 வந்து சேர்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம். சிறு வயதிலேயே வருவதும் உண்டு. அவர்களுக்கு அறிகுறிகளும் கடுமையாக இருக்கும் என்கின்றன சில ஆய்வுகள். இல்லை என்கின்றன வேறு சில. வயிற்றுப்போக்கா, ரத்தசோகையா, அரிக்கும் கொப்புளங்களா, குழந்தை உயரம் கூடாமல் நிற்பதா என்பதையெல்லாம் மரபணு அறிக்கையில் படிக்க முடியாது.

ஆகவே, மரபணு அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அது நோய் இருப்பதற்கான சான்று அல்ல. இரண்டு மரபணுக்களும் இல்லை என்றால், அநேகமாக நோயும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால், நலமாக இருக்கிற உடன்பிறப்புகளும் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் ஆன்டிபாடி குறைந்து, இருக்கிற நோயும் தெரியாமல் போய்விடும்.