ஜாமீன் கையெழுத்து: உறவினர் கடனைக் கட்டாவிட்டால்?

ஜுமுஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சிலர் தயங்கியபடி நம்மிடம் வருவார்கள். "ஹஜ்ரத், மச்சான் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். பேங்க் நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது. வாங்கியவரை விட்டுவிட்டு என்னைக் கேட்கலாமா?"

வட்டிக் கடனுக்குத் துணை நிற்பது மார்க்கத்தில் கூடாது என்பது தனிச் செய்தி. கையெழுத்திட்டுச் சிக்கிக்கொண்டவருக்கு என்ன வழி என்பதை மட்டும் இங்கு பார்ப்போம்.

கேட்கலாம் என்பதே பதில். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சமம். 'முதலில் அவர்மீது வழக்குப் போடுங்கள்' என்று சொல்ல முடியாது. 1968இல் பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

ஆனால் அதே சட்டம் ஜாமீன்தாரருக்கும் உரிமைகள் தருகிறது:

1. கட்டிய தொகையைக் கடனாளியிடம் திரும்பக் கேட்கலாம் (பிரிவு 145). வழக்குப் போட, பணம் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம்.

2. கடன் முழுவதையும் அடைத்தால், கடன் கொடுத்தவரின் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள் (பிரிவு 140). அடமானமாக வைத்த நகை, சொத்தின் மீதான உரிமையும் உங்களுக்கு வரும்.

3. இருவர் ஜாமீன் நின்றிருந்தால் சுமை சமபங்கு (பிரிவு 146). கூடுதலாகக் கட்டியதை மற்றவரிடம் கேட்கலாம்.

4. உங்கள் சம்மதமின்றிக் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், அதற்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து விடுபடலாம் (பிரிவு 133). ஆனால் பல வங்கிப் பத்திரங்களில் இந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் வாசகம் இருக்கும். எனவே பத்திர நகலை வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள்.

நோட்டீஸை ஒளித்து வைக்காதீர்கள். எழுத்தில் பதில் கொடுங்கள். வங்கியில் சமரசத் தொகை பேசலாம். லோக் அதாலத்தையும் நாடலாம். கட்டுகிற ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாவிட்டால் நாளை மச்சானிடம் கேட்கும் உரிமையை நிரூபிப்பது கடினம்.

'கேட்டால் உறவு முறிந்துவிடும்' என்று பலர் மௌனமாகிறார்கள். கடன் வைத்து இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழ வைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்ற பிறகே தொழ வைத்தார்கள். பிறர் கடனை ஏற்பது அவ்வளவு பாரமான அமானிதம். உண்மையிலேயே வசதியில்லாதவருக்கு அவகாசம் கொடுப்போம். வசதியிருந்தும் இழுத்தடிப்பவரிடம், ஜமாஅத் பெரியவர்கள் இருவரைச் சாட்சியாக வைத்து, தவணைத் தேதியுடன் எழுதி வாங்குவோம். உரிமையைக் கேட்பது உறவை வெட்டுவதாகாது.