சேது யாத்திரிகருக்கு ஒரு கூரை

இராமேசுவரத்தில் குறைந்த செலவில் தங்குவதற்கான இடம் என்பது இன்று வாடகை, வசதி, கோயிலிலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றை வைத்தே பேசப்பட்டாலும், இத்தீவின் வரலாற்றில் அது நெடுங்காலம் அரசரின் கடமையாகவும் வணிகரின் அறமாகவும் இருந்துவந்தது. பத்ரிநாத், துவாரகை, பூரி ஆகியவற்றோடு நான்கு பெருந்தலங்களுள் ஒன்றாக எண்ணப்படும் இவ்வூருக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் கையில் பணமில்லாதவர்கள். கங்கை நீரைக் குடத்தில் சுமந்து வந்து இக்கோயிலின் இறைவனான இராமநாதருக்கு அபிடேகம் செய்துவிட்டு, இராமர் கட்டியதாகச் சொல்லப்படும் சேதுவின் மணலை முடிந்துகொண்டு மீண்டும் வடக்கே நடந்தவர்கள் அவர்களுள் பலர். மாதக்கணக்கில் நடப்பவருக்கு ஒவ்வோர் இரவும் ஒரு கூரையும் ஒரு வேளைச் சோறும் கிடைத்தாலன்றி அப்பயணம் நடவாது என்பதை இக்கடற்கரையை ஆண்டவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

சேதுவுக்குக் காவலர் என்ற பொருளில் சேதுபதி என்னும் பட்டம் தாங்கிய மறவர் மன்னர்கள், முதலில் போகலூரிலிருந்தும், பின்னர்க் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதியின் காலத்தில் தலைநகரான இராமநாதபுரத்திலிருந்தும், யாத்திரிகரின் வழியைக் காப்பதையே தம் ஆட்சியின் முதற் கடமையாகக் கொண்டனர். வடக்கிலிருந்து கடலோரமாக வரும் வழி தொண்டி, உப்பூர், தேவிபட்டினம் என இறங்கி, இராமநாதபுரத்தை அடுத்து உச்சிப்புளி வழியாக மண்டபத்தின் தோணித்துறையை அடையும். அங்கிருந்து படகில் பாம்பனுக்குக் கடந்து, மீண்டும் மணலில் நடந்து கோயிலை அடைய வேண்டும். சேது வழி எனப்பட்ட இப்பாதையில் ஒரு நாள் நடைக்குள் அடையக்கூடிய இடைவெளிகளில் சத்திரங்கள் எழுந்தன. சத்திரம் என்பது வழிச்செல்வோர் பணம் கொடாமல் தங்கவும் உண்ணவும் ஏற்படுத்தப்பட்ட அறநிலையம். மடம் என்பது துறவியரின் இருப்பிடமாயினும், இக்கரையில் யாத்திரிகர் தங்கும் இடத்தையும் அச்சொல்லாலேயே குறித்தனர்.

சத்திரத்தின் அமைப்பு அதன் பயனிலிருந்தே பிறந்தது. தெருவை நோக்கிய நீண்ட திண்ணை, கதவு அடைத்த பின்னர் வந்து சேர்பவரும் படுத்துக்கொள்வதற்கு உதவியது; உள்ளே தூண் நிறுத்திய கூடமும், நடுவில் வானம் பார்த்த முற்றமும், அதற்கப்பால் சமையற்கட்டும் கிணறும் இருந்தன; பக்கத்தில் ஊருணியோ குளமோ வெட்டப்பட்டது. வழியின் ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, அவற்றின்மேல் தோளுயரத்தில் ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கி, தலைச்சுமைக்காரர் பிறர் உதவியின்றிப் பாரத்தை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக அமைந்தது.

இவற்றை நடத்துவதற்கான பொருள் வருவோரிடமிருந்து பெறப்படவில்லை. ஓர் ஊரின் வருவாய் முழுவதையும் வரிநீக்கிச் சத்திரத்துக்கு எழுதிக் கொடுப்பதை மானியம் என்றனர். வணிகர் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்டு அறத்துக்கு ஒதுக்கிய சிறு பங்கை மகமை என்றனர். இவ்வாறு நிலத்தோடும் வாணிகத்தோடும் பிணைத்து வைத்ததனால், மன்னர் மாறினாலும் அடுப்பு அணையாமல் இருந்தது. ஈகை என்ற சொல்லுக்குள் அடக்கிவிடாமல், நிலையான வருவாயும் கணக்கும் கொண்ட ஒரு பொதுநிறுவனமாகவே சத்திரத்தைக் கருதுவது பொருந்தும்.

தீவுக்குள் இன்றும் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. சேதுபதி ஒருவர் தம் மகள்கள் இருவரையும் பாம்பன் துறையின் பொறுப்பிலிருந்த தலைவன் ஒருவனுக்கு மணம் செய்து கொடுத்தார் என்றும், அவன் கடல் கடக்கும் யாத்திரிகரிடம் முறையின்றிப் பணம் வாங்கியதை அறிந்து மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை விதித்தார் என்றும், கணவனோடு தீப்பாய்ந்த அம்மகளிர் நினைவாக எழுந்த மடங்களே ஊர்களாயின என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஏழை யாத்திரிகரிடம் பணம் பறிப்பது உயிர்த்தண்டனைக்குரிய குற்றம் என்று நம்பி அதை இத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதே, இக்கரையின் மக்கள் தம் ஆட்சியாளரிடம் எதை எதிர்பார்த்தனர் என்பதற்குப் போதிய சான்றாகும்.

சேது வழியின் வடபகுதியைத் தஞ்சை மராட்டியர் பேணினர். நீடாமங்கலம், ஒரத்தநாடு, மணமேல்குடி, மீமிசல் ஆகிய ஊர்களில் அவர்கள் நிறுவிய சத்திரங்கள் பெரும்பாலும் அரசகுலப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. தஞ்சையின் ஆட்சி 1799இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபோது, சத்திரங்களுக்குரிய நிலங்கள் என்னவாகும் என்ற அச்சம் எழுந்தது. அப்போது, 1801இல், கம்பெனியின் ரெசிடெண்டான பெஞ்சமின் டோரினுக்குச் சரபோஜி எழுதிய மடல் ஒன்று சத்திரத்தின் உள்வாழ்வைத் தெளிவாகக் காட்டும் அரிய ஆவணமாகும்.

அம்மடலின்படி, எந்தச் சாதியினராயினும் எந்த ஊரினராயினும் வந்தவர் அனைவருக்கும் சோறு இடப்பட்டது; சமைத்த சோற்றை உண்ணும் வழக்கமில்லாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் தனியே அளக்கப்பட்டன. நள்ளிரவு வரை உணவு இட்டு, பின்னர் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று அழைத்தனர். நோயுற்றுப் படுத்தவருக்கு மருத்துவரும் மருந்தும், அவர்க்கேற்ற பத்திய உணவும், நலம்பெறும் வரை தங்கும் உரிமையும் இருந்தன. வழியில் இறந்தவர்க்கு அவரவர் சாதி வழக்கப்படி ஈமக்கடன் செய்யப்பட்டது. பெற்றோரற்ற குழந்தைகளை வளர்த்துக் கல்வி கற்பித்தனர். பேறு நெருங்கிய பெண்களுக்கும் துணை கிடைத்தது. இவை அனைத்தையும் எண்ணிப் பார்த்தால், விடுதி, மருத்துவமனை, பள்ளி, அனாதை இல்லம் எனப் பிற்காலத்தில் பிரிந்து நின்ற நான்கு நிறுவனங்களும் அங்கே ஒரே கூரையின்கீழ் இயங்கின என்பது விளங்கும். சாதி ஒழுங்கு அக்கூரைக்குள்ளும் இருந்தது என்பதையும், யாவரும் ஒரே பந்தியில் அமரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பசியோடு வந்த எவரும் திருப்பி அனுப்பப்படலாகாது என்ற அந்த ஒரு விதி, அக்காலத்தின் எல்லையை மீறிய பெரும்விதியாகும்.

இவ்வமைப்பைக் குலைத்தது தனியொரு பகையன்று, பயணத்தின் வேகமே. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டதும், நாள்தோறும் நடந்து இரவுதோறும் தங்கிய யாத்திரிகர், ஒரே இரவில் தீவை அடைந்தனர். வழிச்சத்திரங்கள் ஆள்வரவை இழந்தன. பாம்பனிலிருந்து ஒரு கிளை தனுஷ்கோடிக்கும் மற்றொன்று இராமேசுவரத்துக்கும் சென்ற நிலையில், தங்கும் தேவை முழுவதும் கோயிலின் நான்கு தெருக்களுக்குள் வந்து குவிந்தது. அத்தேவையைப் பல கைகள் பகிர்ந்துகொண்டன. வடநாட்டு யாத்திரிகரைக் கோயிற் புரோகிதர்கள் தம் வீடுகளிலேயே தங்கவைத்துச் சடங்கும் செய்வித்தனர். காசியில் 1813 முதல் சத்திரம் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கும் நகரச் சத்திரம் கண்டனர். மார்வாரி, குஜராத்தி வணிகர் வடநாட்டு வழக்கப்படி தர்மசாலைகளைக் கட்டினர். காஞ்சி காமகோடி மடம், பாரத சேவாசிரம சங்கம் போன்றவை தத்தம் அடியார்க்கு இடமளித்தன. கோயிலைச் சுற்றி ஒருமுறை நடந்தால், பெயர்ப்பலகைகளில் தமிழோடு இந்தி, தெலுங்கு, குஜராத்தி, வங்க எழுத்துகளையும் இன்றும் காணலாம்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவின் புயல் தனுஷ்கோடியை அழித்தது; அதன்பின் இரயில் யாத்திரையின் முடிவிடம் இராமேசுவரம் ஒன்றே ஆயிற்று. 1988இல் பாம்பன் சாலைப்பாலம் திறந்தபின் பேருந்தும் வேனும் நேரே கோயில் வாயிலுக்கு வந்தன. அதன் பின்னரே லாட்ஜ் எனப்படும் வாடகை விடுதி தீவின் முதன்மைத் தங்கிடமாயிற்று. 2022 டிசம்பரில் பழைய இரயில் பாலம் மூடப்பட்டு, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரையில், இரயில்கள் கடலைக் கடக்காமல் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன. இரண்டாண்டுக்கும் மேலாக, 1914க்கு முன்பு போலவே, யாத்திரிகர் கடலுக்கு இப்பாலேயே இறங்கி வேறு ஊர்தி தேட நேர்ந்தது; இறங்கிய இடத்தில் இரவைக் கழிக்க ஓர் எளிய கூரை வேண்டும் என்ற பழைய தேவையும் அப்போது மீண்டும் வெளிப்பட்டது.

இராமேசுவரத்தில் தங்குபவரின் தேவை பிற சுற்றுலா நகரங்களினின்றும் வேறுபட்டது. பெரும்பாலோர் இரவில் வந்து, விடியலுக்கு முன் நடைபெறும் ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு எழுந்து, அக்னி தீர்த்தம் எனப்படும் கடற்கரையில் முழுகி, ஈர உடையோடு கோயிலுக்குள் சென்று, யாத்திரைப் பணியாளர்கள் வாளியால் இறைத்து ஊற்றும் 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றிய பின்னரே கருவறைக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது அரைநாள் ஓர் அறை, உப்பு போகக் குளிப்பதற்கு நல்ல தண்ணீர், ஈரத்துணி உலர்த்த ஒரு கொடி, பெண்கள் அச்சமின்றி உடை மாற்ற ஒரு கதவு ஆகியவையே. நாற்புறமும் கடல் சூழ்ந்த மணல்தீவில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பதால், நல்ல தண்ணீர் என்பதே இங்கு ஒரு செலவினமாகும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்யத் திரளும் கூட்டத்தில், வாடகை உயர்ந்து அறை எட்டாமற் போகிறவர்கள் தெருவோரத்திலும் மண்டபங்களிலும் துணி விரித்துப் படுக்கின்றனர். அறை எடுக்க இயலாத பெண்கள் கடற்கரையருகிலுள்ள கட்டண அறைகளை நம்ப வேண்டியுள்ளது. 2024 டிசம்பரில் அத்தகைய தனியார் உடைமாற்றும் அறை ஒன்றில் மறைகேமரா கண்டெடுக்கப்பட்டுக் கைதுகள் நடந்தன. பாதுகாப்பான எளிய தங்கிடம் இல்லாத குறையை ஏழைப் பெண்களே முதலில் சுமக்கின்றனர் என்பதை அந்நிகழ்ச்சி வேதனையோடு உணர்த்தியது.

வாடகை விடுதிக்கும் யாத்திரிகரின் எளிய தங்கிடத்துக்கும் உள்ள வேறுபாடு வரிவிதிப்பிலும் ஓரளவு ஏற்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு 1000 ரூபாய்க்கு உட்பட்ட விடுதி அறைகளுக்கு இருந்த சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டு 12 விழுக்காடு வரி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால், பதிவுபெற்ற அறக்கட்டளைகள் வழிபாட்டிடங்களின் வளாகத்தில் 1000 ரூபாய்க்குக் குறைவாக அளிக்கும் அறைகளுக்கு விலக்குத் தொடர்கிறது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டமும் சத்திரங்களை நடத்துவதை அறக்கொடைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எனவே, சத்திரம் என்பது பழங்கதையன்று. நடப்பிலுள்ள சட்டத்தில் இடம்பெற்ற நிறுவனமே.

பழைய தங்கிடங்களைக் காத்து எளியவர்க்கும் திறந்து வைப்பது எப்படி என்ற வினாவை உலகின் பிற பழநகரங்களும் எதிர்கொண்டுள்ளன. மெக்சிகோவின் வாஹாகா, புவெப்லா, குவானஹுவாத்தோ முதலிய நகரங்களில், கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி வந்தவர்கள் தங்குவதற்காக, நடுவே முற்றமும் சுற்றிலும் அறைகளும் கொண்ட மெசோன் என்னும் விடுதிகள் இருந்தன. நம் சத்திரத்தைப் போன்றே அவையும் நடைவழியின் தேவையால் பிறந்தவை. 1987இல் வாஹாகாவும் புவெப்லாவும், 1988இல் குவானஹுவாத்தோவும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. அங்கே முற்றம் வைத்த பழைய வீடுகள் பல சிறு விடுதிகளாகி, குறைந்த வாடகையில் அறை தந்து, அவ்வருவாயாலேயே தம் சுவர்களைக் காத்துக்கொள்கின்றன. அதே வாஹாகாவில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாந்தா கத்தலீனா கன்னிமாடமோ இன்று செல்வந்தரே தங்கத்தக்க விடுதியாகிவிட்டது. கட்டடத்தைக் காப்பதும் அதன் கதவை எளியவர்க்குத் திறந்து வைப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

சேது வழியில் இவ்விரு பணிகளையும் ஒருசேரச் செய்ய இன்னும் வாய்ப்பு உண்டு. எஞ்சியுள்ள வழிச்சத்திரங்களின் கூரையையும் கிணற்றையும் சீர்செய்து, தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை ஆகிய அண்டைத் தலங்களுக்கு வருவோர் இரவு தங்க அவற்றைத் திறந்துவிட்டால், தீவின்மேல் விழும் நெருக்கடி குறையும். அவற்றுக்கு எழுதிவைத்த நிலங்களின் வருவாய் அவற்றுக்கே சென்று சேருமாறு கணக்குகளை முறைப்படுத்துவது அதற்கு முதற்படியாகும். தீவுக்குள்ளோ, அறை எடுக்க இயலாதவர்க்கு அக்னி தீர்த்தக் கரையிலேயே பெண் பணியாளர் காவலில் உடை மாற்றும் இடமும், பொருள்களை வைத்துப் பூட்டும் பெட்டிகளும், படுப்பதற்குத் தூண் நிறுத்திய ஒரு பெருங்கூடமும் கட்டணமின்றி அமைய வேண்டும். அமாவாசைக்கு முந்திய இரவுகளில் அக்கூடத்தின் விளக்கு விடியும் வரை எரிய வேண்டும். குழந்தையோடு கடைசிப் பேருந்தில் வந்து இறங்கும் குடும்பமும் அங்கே பாய் விரித்துப் படுக்க இடம் பெற வேண்டும்.