கைமாறும் முன் அழியவேண்டிய திறப்பு

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடற்கரைத் தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்ந்தார். மகளோடு இருக்கக் கனடா புறப்படுமுன், வீட்டு வேலைகளில் துணைநின்ற பெண்ணின் மகனுக்குத் தம் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட எண்ணினார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அவன். "தம்பி, எல்லாப் படத்தையும் ஒண்டொண்டா அழிச்சுப் போட்டன். ரெண்டு நாள் எடுத்தது. இனிக் குடுக்கலாம்தானே?" என்று கேட்டபடி கருவியை என் கையில் வைத்தார். படத்தொகுப்பு வெறுமையாய் இருந்தது. அண்மையில் நீக்கியவற்றைச் சேர்த்துவைக்கும் பகுதியைத் திறந்தேன். பேரப்பிள்ளையின் முதற் பிறந்தநாள், கணவரின் மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம் எல்லாம் அங்கே வரிசை குலையாமல் இருந்தன.

அந்தப் பகுதியையும் வெறுமையாக்கியிருந்தால் வேலை முடிந்திருக்குமா என்றால், இல்லை. 'அழி' என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் ஒன்று, கருவி கொள்ளும் பொருள் வேறொன்று. காணிப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரை வெட்டியவுடன் காணி மறைந்துபோவதில்லை. புதியவர் வந்து இடித்துக் கட்டும்வரை வீடும் கிணறும் இருந்த இடத்திலேயே இருக்கும். கோப்பை நீக்கும்போது கருவி செய்வதும் பதிவேட்டில் பெயரை வெட்டும் அவ்வளவு வேலைதான்.

இதன் வேர் நினைவகத்தின் உடலமைப்பிலேயே உள்ளது. 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தவோன் காங், சைமன் சீ என்னும் இருவர் 'மிதக்கும் படலை' என்ற அமைப்பை முன்வைத்தனர். வேலிக்கு இடும் படலையின் பெயரையே எங்கள் பாடநூல்கள் இலத்திரனியலிலும் ஆள்கின்றன, பொருத்தமான பெயர். திரான்சிற்றரின் நடுவே, சிலிக்கனீரொட்சைட்டு என்னும் காவலியால் நாற்புறமும் சூழப்பட்டு, எந்தக் கம்பியோடும் இணையாமல் இருக்கும் ஒரு சிறு தகடுதான் அது. வலிய மின்னழுத்தம் கொடுக்கும்போது இலத்திரன்கள் அந்த மெல்லிய காவலியை ஊடுருவி உள்ளே நுழைகின்றன. மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே அடைபட்டுக் கிடக்கின்றன. மின்கலம் தீர்ந்த பின்னும் தொலைபேசி நம் படங்களை மறவாமல் இருப்பது இந்தச் சிறையிருப்பினால்தான். இன்றைய நினைவகங்களில் தகட்டின் வடிவம் பெரிதும் மாறிவிட்டது. இலத்திரனை அடைத்துவைக்கும் அடிப்படை மாறவில்லை.

1984 இல் யப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா, எண்ணற்ற கலங்களை ஒரே வீச்சில் வெறுமையாக்கும் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். அழியும் அந்த வேகம் புகைப்படக் கருவியின் ஒளிவீச்சை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரீசுமி அதற்கு 'பிளாஷ்' என்று பெயரிட்டார். அழிப்பதன் சிறப்பால் பெயர்பெற்ற இந்த நினைவகத்தில் ஒன்றை மட்டும் தேடி அழிப்பது மிகக் கடினமான காரியம். எழுதுவது சிறு பக்கங்களாக நிகழ்கிறது. அழிப்பதோ அத்தகைய பல நூறு பக்கங்கள் சேர்ந்த பெருந்தொகுதியாக மட்டுமே நிகழ முடியும். ஒவ்வோர் அழிப்பும் காவலியைச் சிறிது சிதைப்பதால், ஒரு தொகுதி சில ஆயிரம் முறைக்கு மேல் தாங்காது. ஆகவே நினைவகத்தை ஆளும் சில்லு பழைய பக்கத்தைத் தொடாமல் ஒதுக்கிவைத்துப் புதியதை வேறிடத்தில் எழுதுகிறது. ஒதுக்கிய பக்கத்தில் பழைய எழுத்து அப்படியே கிடக்கிறது. உரிமையாளரின் கை அந்த இடத்தை எட்டாது. தேர்ந்தவரின் கருவி எட்டும். காந்தத் தட்டில் செய்வதுபோல ஒரு கோப்பின் மேல் மீண்டும் மீண்டும் எழுதி அழிக்கும் முறைகள் இவ்வகை நினைவகத்தில் நம்பத்தக்கவையல்ல என்று 2011 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் செய்துகாட்டினர்.

எழுத்தை அழிப்பது இவ்வளவு கடினமென்றால், திறப்பை அழித்துவிடலாம் என்பதே அறிவியல் கண்ட விடை. புதிய தொலைபேசிகள் நம் தரவு எதையும் நினைவகத்தில் வெளிப்படையாக எழுதுவதில்லை. எல்லாவற்றையும் மறைகுறியாக்கியே எழுதுகின்றன. அதற்குரிய திறப்பு பெரும்பாலும் 256 பிற்று நீளமானது, அதாவது வெறும் 32 பைற்று. ஆனால் அந்த நீளத்தில் அமையக்கூடிய திறப்புகளின் தொகையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்துத் திறக்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது. தொடக்கநிலைக்கு மீளமைக்கும் கட்டளையைக் கொடுத்ததும் கருவி முதலில் அந்த 32 பைற்றையும் ஒழிக்கிறது. படங்களும் கடிதங்களும் உருவந்தெரியாத எண்குவியலாகிவிடுகின்றன. பல்லாயிரம் படங்கள் சில நிமிடங்களில் இல்லாமற்போகும் விந்தை இதுதான். பெட்டகம் நிறையக் கடிதம் இருக்க, அதன் ஒரே திறப்பைத் தெஹிவளைக் கடலில் எறிந்துவிட்டு வருவதற்கு ஒப்பானது.

பழைய கருவிகளை இந்த நம்பிக்கையோடு கைமாற்ற முடியாது. 2015 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லோரன் சைமன், ரோஸ் அண்டர்சன் ஆகியோர் ஐந்து நிறுவனங்களின் 21 பழைய அண்ட்ரொய்ட் தொலைபேசிகளை ஆராய்ந்தனர். அவற்றின் மென்பொருள் 2.3 முதல் 4.3 வரையான பதிப்புகளைச் சேர்ந்தது. மீளமைத்த பின்னும் பத்தில் எட்டு முறை, முன்னைய உரிமையாளரின் கூகிள் கணக்கைத் திறக்கவல்ல அடையாளத் துணுக்கு அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாறு முழுமையாக அழியாத கருவிகள் உலகில் 50 கோடி வரை இருக்கலாம் என்றும் மதிப்பிட்டனர். அதே ஆண்டில் வந்த 6 ஆம் பதிப்போடு, போதிய ஆற்றலுள்ள புதிய கருவிகளுக்கு மறைகுறியாக்கம் கட்டாயமாயிற்று. 10 ஆம் பதிப்போடு வெளிவந்த எந்தக் கருவிக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. ஐபோன்களில் 2009 இன் 3ஜிஎஸ் முதலே வன்பொருளில் இவ்வசதி உண்டு. பழைய அண்ட்ரொய்ட் கருவி கையில் இருப்பவர், அமைப்புகளுக்குள் சென்று முதலில் மறைகுறியாக்கிவிட்டு அதன் பிறகே மீளமைக்கவேண்டும். வரிசை மாறினால் பயனில்லை.

வரிசை மாறியதன் விலையை நானும் கொடுத்திருக்கிறேன். இலண்டனிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா கொண்டுவந்து தந்த தொலைபேசியை, பக்கப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி அவசரமாய் மீளமைத்தேன். கருவி விழித்ததும் முன்னைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. அக்காவோ அந்தக் கணக்கையும் அதனோடு பிணைந்த இலக்கத்தையும் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. அந்தத் தொலைபேசி இன்றும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. திருடியவனுக்குக் கருவி பயன்படக்கூடாது என்பதற்காக 2013 இல் ஐபோனிலும் 2015 இல் அண்ட்ரொய்டிலும் வந்த காவல் அது. நல்ல காவல்தான். வெளிநாட்டு உறவினர் தரும் கருவிகளை நம்பி வாழும் எங்கள் ஊரில், கொடுப்பவர் தம் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத் தராவிடில் அந்தக் காவல் உரியவரையே வெளியில் நிறுத்திவிடுகிறது.

வீட்டு ரவுட்டரின் நிலை இதற்கு நேர்மாறானது. முதுகிலுள்ள ஊசித்துளையைப் பத்து விநாடி அழுத்தினால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். இணைய இணைப்புக்கு நிறுவனம் தந்த பயனர்பெயரையும் சேர்த்தே மறக்கலாம். அதை முன்கூட்டியே எழுதிவைக்காதவர் வீட்டில் அன்றிரவு இணையம் இராது. அதைவிடப் பெரிய கேடு, ஆலையில் இட்ட பொதுவான கடவுச்சொல் மீண்டும் உயிர்பெறுவதே. 2016 இல் உலகை அலைக்கழித்த மிறாய் என்னும் தீநிரல் அறுபதளவான அத்தகைய பொதுக் கடவுச்சொற்களைக் கொண்டே இலட்சக்கணக்கான கமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. ஆகவே மீளமைத்த ரவுட்டருக்கு முதல் வேலையாகப் புதுக் கடவுச்சொல் இடவேண்டும்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. நிறுவனங்கள் நம் தரவை எப்படிக் கையாளவேண்டும் என்று அது விதிக்கிறது. ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகத் தாமே கையாளும் தரவுக்குள் அது நுழைவதில்லை. கைமாறும் தொலைபேசியைக் காக்கும் பொறுப்பு அதன் உரிமையாளரிடமே தங்குகிறது.

ஆசிரியையும் நானும் ஒரு மாலைப்பொழுதை இதற்கே ஒதுக்கினோம். பணியின் நடுவே மின்கலம் தீர்ந்துவிடாதபடி சார்ஜரை முதலிலேயே செருகினேன். படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் மகளின் கணினிக்கு அனுப்பினோம். அவற்றிடையே மறைந்த கணவரின் குரற்செய்தி ஒன்று இருந்தது. வரும்வழியில் பாண் வாங்கிவரச் சொல்லும் பன்னிரண்டு விநாடி. அதை மட்டும் மூன்று இடங்களில் பிரதிசெய்து, மூன்றிலும் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். பிறகு வங்கிச் செயலியின் பதிவை நீக்கினோம். மின்னஞ்சலுக்குள் நுழைய உதவும் இரண்டாம் நிலைக் குறியீடு இந்தக் கருவிக்கு மட்டுமே வந்துகொண்டிருந்ததால், அதை அவருடைய புதுத் தொலைபேசிக்கு மாற்றினோம். இது தவறியிருந்தால் கனடாவில் அவர் தம் கடிதங்களையே படிக்க முடியாமற் போயிருக்கும். அடுத்து கூகிள் கணக்கை நீக்கினோம். சிம் அட்டையும் நினைவட்டையும் வெளியே வந்தன. நினைவட்டையைப் பெரும்பாலும் மீளமைப்பு தொடுவதே இல்லை. பலர் அதைக் கருவியோடு சேர்த்தே கொடுத்துவிடுகின்றனர்.

எல்லாம் முடிந்தபின் அமைப்புகளின் வழியாகவே கட்டளையைக் கொடுத்தோம். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றது. "இதில இருந்த எல்லாம் போச்சுதோ?" என்று மெல்லக் கேட்டார்.

"போட்டுது, ரீச்சர். நீங்கள் வைச்சிருக்க வேண்டியதெல்லாம் உங்களிட்டை இருக்கு."

கருவி மீண்டும் விழித்து மொழியைக் கேட்டது. ஆலையிலிருந்து வந்த நாளின் மென்பொருளுக்கு அது திரும்பியிருக்கவில்லை. இடையில் ஏற்ற புதுப்பிப்புகள் அதிலேயே இருந்தன. அவை காவலை வலுப்படுத்துவன என்பதால் அதுவே வேண்டத்தக்கது. வைபையில் இணைத்து அடுத்த பக்கங்களுக்குச் சென்றேன். முன்னைய கணக்கின் கடவுச்சொல்லை எந்தப் பக்கமும் கேட்கவில்லை. புதிய கணக்கைக் கேட்கும் பக்கம் வந்ததும் நிறுத்திக் கருவியை அணைத்தேன். ஆசிரியை அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சார்ஜரோடு ஒரு கடதாசிப் பையில் இட்டு, பையன் மறுநாட் காலை வந்து எடுத்துப்போக வாசற் கதிரையில் வைத்தார்.