மழையிலும் பனியிலும் வீட்டினுள் கோழி வளர்த்தல்

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும், குடியாத்தம் தாலூகா கிராமங்களில் முற்றத்திலும் வேலியோரத்திலும் மேய்ந்து திரிந்த கோழிகள் வீட்டினுள் வந்து சேர்கின்றன. மூட்டைகள் அடுக்கும் அறை, மாட்டுக் கொட்டிலின் மூலை, நெசவு நின்றுபோன வீடாயின் பழைய தறிக்குழி என்று, இடம் கிடைத்தவிடத்தில் அவை அடைக்கப்படுகின்றன. மார்கழிப் பனி கண்டதும் ஜன்னலைச் சாக்கினால் மூடிக் கதவையும் இறுகச் சாத்திவிடுவதுண்டு. தை பிறக்குமுன் கோழிகள் ஒவ்வொன்றாய் மடியுமாயின், அவை குளிர் தாங்காமல் இறந்தன என்று சொல்லப்படுகிறது. இக்காரணம் பெரும்பாலும் பொருந்தாது. முட்டையும் சேவலும் விற்று வரும் பணம் குடியானவர் வீட்டுப் பெண்களின் சிறுவாடாக இருந்து, அவசரச் செலவுக்குக் கைகொடுப்பது. அதை இழக்காதிருக்கும் வழியை இங்குக் கூறுவோம்.

குளிரும் ஈரமும்

பனிக்கட்டி பெய்யும் மேல்நாடுகளில், குடிநீர் உறைந்துபோவதாலும் கோழியின் கொண்டை குளிரில் கருகுவதாலும், வீட்டின் நிலவறையில் கோழிகளை வைத்துக் காப்போர் உளர். நம் பக்கத்துக் குளிர் அத்தன்மையதன்று. கோழியின் உடற்சூடு சுமார் 106 டிகிரி பாரன்ஹீட். அதனைக் காக்க இறகுப் போர்வையும் உண்டு. நன்கு இறகு முளைத்து, உடல் நனையாது, வயிறு நிறைந்திருக்கும் கோழி நமது மார்கழிக் குளிரை எளிதில் தாங்கும்.

தாங்கமுடியாதது ஈரமும் கெட்ட காற்றுமே. ஒரு பெரிய கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு நீர். மூச்சிலும் ஈரம் வெளிப்படும். மூடிய அறையில் இந்த ஈரம் வெளியேற வழியின்றித் தரையில் தங்க, எச்சம் புளித்து அம்மோனியா வாயு உண்டாகிறது. அது கோழியின் கண்ணைப் புண்ணாக்கும். மூச்சுக் குழலினுள் அழுக்கை வெளித்தள்ளும் நுண்ணிய மயிர்களையும் கெடுக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா இருத்தலாகாது என்பது பொதுவான அளவு. 20 பங்கு இருந்த காற்றில் மூன்று நாள் வைத்த கோழிகளை இராணிக்கெட் நோய் எளிதிற் பற்றியதென 1964-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. குளிருக்கு அஞ்சி நாம் சாத்தும் கதவே நோய்க்கு வழி திறக்கிறதென்பது இதனால் விளங்கும்.

இடமும் காற்றோட்டமும்

கோழி அறை மேட்டில் இருத்தல் வேண்டும். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கௌண்டினிய மகாநதியில் பெருவெள்ளம் வந்ததை நம் தாலூகாவார் மறந்திரார். ஆற்றோரத்துத் தாழ்ந்த அறையும், சுவரில் நீர் கசியும் அறையும் இதற்கு உதவா. தறிக்குழியில் மண்ணின் ஈரம் ஊறும், காற்றும் தேங்கும். அதனை மண் கொட்டி நிரப்பித் திமிசு போட்டு மேடாக்கியபின் வேண்டுமாயின் அவ்விடத்தை உபயோகிக்கலாம், குழியாகவே உபயோகிக்கலாகாது.

எதிரெதிர்ச் சுவர்களில், கூரையை ஒட்டினாற்போல், ஓர் அடி உயரத்துக்குத் திறப்பு விட்டு, கீரியும் பூனையும் புகாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும். சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து இவ்வழியே வெளியேறும். வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பக்கத்தில், கோழி அமரும் உயரத்துக்குச் சிறிது மேல்வரை மட்டும் சாக்குத் தொங்கவிடலாம். மேல்திறப்பை எந்நாளும் மூடலாகாது. பெரிய கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வீதம் தரை வேண்டும். 10 அடி நீளம் 8 அடி அகலமுள்ள அறையில் 40 கோழிக்கு மேல் அடைப்பது நஷ்டத்தை விலைக்கு வாங்குவதாகும். மக்கள் படுத்துறங்கும் அறை கோழிக்கு ஆகாது.

தரைப் பரப்பு

உலர்ந்த உமி அல்லது வேர்க்கடலைத் தோலை 3 அங்குல உயரம் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால், அது உதிர்ந்துபோக வேண்டும். உருண்டையாகவே நிற்குமாயின் ஈரம் மிகுந்துவிட்டது. அதை வாரி எருக்குழியில் போட்டுப் புதிது பரப்புக. தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் வைத்தால் சிந்துதல் குறையும். ஈரத்தரையில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் இரண்டொரு நாளில் முதிர்ந்து குஞ்சுகளைக் கொல்லும்.

நாற்றம் போக்குவதற்காக ஈர எச்சத்தின்மேல் சுண்ணாம்பு தூவுவோர் உண்டு. இது விபரீதமான செய்கை. சுண்ணாம்பு பட்டதும் எச்சத்திலுள்ள அம்மோனியா அதிகமாக வெளிப்படும். பழைய பரப்பை முற்றிலும் நீக்கியபின், வெறுந்தரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு பூசி உலரவிடுவதே முறை.

நம் பக்கம் தோல் தொழிலுக்குப் பேர்போனது. பேரணாம்பட்டு, ஆம்பூர் முதலிய இடங்களின் தோல் பதனிடும் சாலைகளில் கழியும் சீவலும் தூளும் மலிவாய்க் கிடைத்தாலும், அவற்றைக் கோழிக்குப் பரப்பவோ தீனியில் கலக்கவோ கூடாது. குரோம் முறையில் பதனிட்ட தோலில் குரோமியம் உண்டு. கோழி அதனைக் கொத்தித் தின்றால் முட்டையிலும் இறைச்சியிலும் சேர இடமுண்டு. வங்காளதேசத்தில் இத்தகைய கழிவினின்று கோழித் தீனி தயாரித்தது பெருங்கேடாக முடிந்தது. 2011-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதைத் தடுக்க உத்தரவிட்டது.

குஞ்சுகளுக்கு வெப்பம்

பெரிய கோழிக்கு வேண்டாத வெப்பம் குஞ்சுக்கு இன்றியமையாதது. தாய்க்கோழியில்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். பிறகு வாரம் 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். குஞ்சுகள் விளக்கடியில் நெருங்கிக் குவிந்தால் சூடு போதவில்லை. விலகி ஓடி வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. இந்நாளில் வழங்கும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிப் போதிய சூடு தராது. இழையுள்ள பழைய குண்டு விளக்கே இதற்கு ஏற்றது.

மின்சாரம் நின்ற இரவில் கரியடுப்பை மூடிய அறையில் வைப்பது உயிருக்கே ஆபத்து. அதில் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் இல்லை. கோழிகளோடு, அடுத்த அறையில் உறங்கும் குழந்தைகளையும் அது கொல்லவல்லது. அதற்குப் பதிலாகக் குஞ்சுகளைச் சாக்கு சுற்றிய கூடையில் உமி பரப்பி நெருக்கமாக வைத்து, மேலே மூச்சுக்கு வழிவிட்டு, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி நடுவில் வைத்துச் சமாளிக்கலாம்.

வெளிச்சமும் முட்டையும்

பனிக்காலத்தில் முட்டை குறைவதற்குக் குளிரைக் காட்டிலும் இருட்டே பெரிய காரணம். மார்கழியில் நமக்குப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். நல்ல முட்டைக்கு 14 முதல் 16 மணி வெளிச்சம் தேவை. ஜன்னலில்லாத அறையில் அடைபட்ட கோழிக்கு அந்தப் பகலும் இல்லை. மழை விட்ட வேளைகளில் அவற்றை வெளியே விடுவதும், விடியற்காலையில் இரண்டு மூன்று மணி நேரம் விளக்கேற்றுவதும் பலன் தரும்.

இராணிக்கெட் நோய்

வெள்ளைக் கழிச்சல் என நம்மவர் கூறும் இந்நோய், 1927-இல் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டில் காணப்பட்டமையால் இந்தியாவில் அப்பெயர் பெற்றது. வெள்ளையும் பச்சையுமான கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை அதன் குறிகள். வந்தபின் மருந்தில்லை; வருமுன் தடுப்பு உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலடியில் ஊசியும் போடப்படும். இம்மருந்து நமக்கு அருகே இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. புதிதாய் வாங்கிய கோழியைச் சந்தையிலிருந்து நேரே அறையில் விடாமல், 15 நாளாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும். பல கோழிகள் ஒருங்கே மடிந்தால், அவற்றை வெறுங்கையால் தொடாமலும், விற்காமலும், ஆற்றில் எறியாமலும், உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தினந்தோறும் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. விடியற்காலையில் கோழி அறையினுள் நுழைந்ததும், தரையினின்று ஓர் அடி உயரத்துக்குத் தலை தாழ்த்தி மூச்சு விடுக. மூக்கில் நெடி ஏறினாலும் கண் கரித்தாலும், கோழி இரவு முழுவதும் அக்காற்றையே சுவாசித்திருக்கிறதென்று அறிந்து, அன்றே திறப்பை அகலப்படுத்திப் பரப்பை மாற்றுக. மழை தொடங்கியபின் உலர்ந்த உமி கிடைப்பது அரிது. ஆதலால் புரட்டாசி மாதத்திலேயே உமியைச் சேகரித்து, கூரையின் ஒழுக்கை அடைத்து, கம்பிவலை பொருத்தி, தடுப்பு மருந்தும் போட்டு விவசாயிகள் ஆயத்தமாயிருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.