மூப்படைந்த பிளாஸ்டிக்கும் அதனைச் செப்பனிடும் முறையும்



நம் பள்ளி அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்குவதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அது நேரத்தைச் சரியாகவே காட்டுகிறது. ஆயினும் அதன் முகப்பு பனி படர்ந்தாற்போல் மங்கியிருக்கும். அருகிற் சென்று நின்றால்தான் மணி தெரியும். "ஐயா, இதை ஏன் இன்னும் மாற்றவில்லை?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இவ்வாண்டு என்னைக் கேட்டாள். அன்று நான் முழுமையான விடை கூறவில்லை. இங்குக் கூறுகிறேன்.

அக்கடிகாரம் நம் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர் பள்ளிக்கு அளித்த அன்பளிப்பாகும். சன்னலோரம் மாட்டப்பட்டிருந்ததால் அதன் வெண்ணிறச் சட்டம் சில ஆண்டுகளில் மஞ்சளித்துவிட்டது. விளையாட்டுப் போட்டி நாளுக்கு முன் அதைப் பளிச்சென்று ஆக்கிவிட எண்ணினேன். சாயம் பூசுவதற்காக வைத்திருந்த தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். சட்டம் பிசுபிசுத்தது, துணியின் நூல்கள் அதில் ஒட்டிக்கொண்டன. கண்ணாடி என்று நான் நினைத்திருந்த முகப்பும் உண்மையில் பிளாஸ்டிக்கே. அது என் கண்முன்னே மங்கிப் போயிற்று. விளையாட்டுப் போட்டிக்கு வந்த அப்பெரியவர் கடிகாரத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "மணி சரியாகத்தானே ஓடுகிறது, ஐயா" என்று மட்டும் சொன்னார். அவர் கடிந்துகொள்ளாதது எனக்கு மேலும் வருத்தத்தைத் தந்தது.

என் தவற்றின் காரணத்தை அறிந்துகொள்ள விரும்பி, பிளாஸ்டிக் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அவ்வாறு படித்தவற்றுள் எனக்குப் பெரிதும் பயன்பட்டது, அமெரிக்க நாட்டில் பழைய பயண வீட்டு வண்டிகளைச் செப்பனிடுவோரின் அனுபவமாகும். அதனையே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

வெள்ளி நிற வண்டி

படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்டு, வீடு போலவே அமைந்த வண்டியே பயண வீட்டு வண்டி. சில தாமே ஓடும். சில மற்றொரு வாகனத்தால் இழுத்துச் செல்லப்படும். அமெரிக்காவில் வாலி பையம் என்பவர் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வண்டிகள் இவ்வகையில் புகழ் பெற்றவை. அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்து, விமானத்தின் உடலைப் போல வளைவாகச் செய்யப்படுவதால், அவை வெள்ளிபோல் மின்னும். 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சந்திரனிலிருந்து திரும்பிய அப்போலோ 11 விண்வெளி வீரர் மூவரையும், நோய்க்கிருமி ஏதும் பரவிவிடக் கூடாதென்று தனிமைப்படுத்தி வைத்தது, இந்நிறுவனத்தின் வண்டியை மாற்றியமைத்துச் செய்த ஒரு கூண்டிலேயே ஆகும். அதன் சன்னல் வழியாகத்தான் அதிபர் நிக்சன் அவர்களுடன் உரையாடினார்.

1970-ஆம் ஆண்டுகளில் இவ்வண்டிகளின் உட்புறத்தில் பல பகுதிகள் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டன. தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின்மேல் பரப்பி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டால் அது அச்சின் வடிவத்தைப் பெற்றுவிடும். இரு முனைகளிலும் உள்ள வளைந்த பெரிய பலகைகள் இவ்வாறு உருவானவை. அவை எடை குறைந்தவை, கழுவ எளியவை. ஆனால் இன்று ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பலகைகள் மஞ்சளித்தும், ஆணித் துளைகளைச் சுற்றி வெடித்தும் காணப்படுகின்றன. அக்காலத்துப் பலகைகள் பலவற்றை இன்று கடையில் வாங்க இயலாது. ஆகவே, இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர உரிமையாளர்க்கு வேறு வழி இல்லை. அவசரப்பட்டு ஒன்றைக் கெடுத்தால், கெட்டது கெட்டதுதான்.

பலகையினுள் இருக்கும் ரப்பர்

பிளாஸ்டிக் அழியாதது என்று பலரும் கூறுவர். மண்ணில் மக்கிப் போகாது என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் அது மூப்படையாது என்பது உண்மையன்று.

ஏ.பி.எஸ். என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்று பொருள்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். இவற்றுள் பியூட்டாடையீன் ஒருவகைச் செயற்கை ரப்பரைத் தருவதாகும். முறுக்கு மாவில் எள் கலந்திருப்பது போல, கடினமான பிளாஸ்டிக்கினுள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துளிகள் கலந்திருக்கின்றன. பலகையில் சிறு வெடிப்பு ஒன்று தோன்றினால், அது மேலும் ஓடாதவாறு இத்துளிகளே தடுத்து நிறுத்துகின்றன. தட்டினாலும் வளைத்தாலும் உடையாத உறுதி இதனால் வருவது.

பால்மரக் காட்டில் உழைத்த நம் மக்களுக்கு ரப்பரின் குணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் வளையம் ஒன்றைச் சில வாரங்கள் வெயிலில் போட்டுவையுங்கள். இழுத்தால் நீளாது; வெடித்து அறுந்துவிடும். பால்மரத்து ரப்பரிலும், ஏ.பி.எஸ். பலகையிலுள்ள செயற்கை ரப்பரிலும் இரட்டைப் பிணைப்பு எனப்படும் வேதியியல் கட்டமைப்பு உண்டு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களின் துணையுடன் காற்றிலுள்ள பிராணவாயு அவ்விடத்தைத்தான் முதலில் தாக்குகிறது. அதனால் ரப்பர்த் துளிகள் தம் நெகிழ்ச்சியை இழக்கின்றன. கூடவே மஞ்சள் நிறத்தைத் தோற்றுவிக்கும் புதிய சேர்மங்களும் உண்டாகின்றன.

ஆகவே, மஞ்சள் நிறம் என்பது மேலே படிந்த அழுக்கு மட்டுமன்று. உள்ளே நிகழ்ந்த மூப்பின் அடையாளமும் ஆகும். நல்ல வேளையாக இம்மாற்றம் பெரும்பாலும் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே நிகழ்கிறது. செப்பனிடும் முயற்சிக்கு இடம் தருவது இந்த உண்மையே.

வெடிப்பு ஏன் ஆணித் துளையில் தொடங்குகிறது?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஏ.பி.எஸ். பலகையின் வெப்பநிலை, இரவில் 15 பாகையாக இருந்து பகலில் 55 பாகைக்கு உயர்வதாகக் கொள்வோம். மூடிய வண்டி வெயிலில் நின்றால் இவ்வளவு சூடு ஏறுவது வியப்பன்று. அப்பலகை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். ஆனால் அதனைத் தாங்கி நிற்கும் அலுமினியம் அதே வெப்பத்தில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நீளும். நீள விரும்பும் பலகையை ஆணிகள் நீளவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. இவ்விழுபறி நாள்தோறும் ஆணித் துளையைச் சுற்றியே நடக்கிறது. இளமையில் ரப்பர்த் துளிகள் இதனைப் பொறுத்துக்கொண்டன. மூப்படைந்த பின் பொறுக்க இயலாமல் பலகை வெடிக்கிறது.

செப்பனிடும் முறை

முதலாவது, கழுவுதல். சமையல் எண்ணெய்ப் புகையும் சிகரெட்டுப் புகையும் பல ஆண்டுகள் படிந்த பலகை, மூப்படையாமலே மஞ்சளாகத் தோன்றலாம். மென்மையான சவர்க்காரம், வெதுவெதுப்பான நீர், மெல்லிய துணி ஆகிய மூன்றும் போதும். அழுக்குப் போன பின்னும் எஞ்சியிருக்கும் மஞ்சளே மூப்பின் மஞ்சள்.

இரண்டாவது, இது எவ்வகைப் பிளாஸ்டிக் என்று அறிதல். பலகையின் பின்புறத்திலிருந்து சிறு துண்டை நறுக்கி நீரிலிட்டால், ஏ.பி.எஸ். மூழ்கும், வாளி, குவளை முதலியன செய்யப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் ஆகியவை மிதக்கும். மூழ்குவதெல்லாம் ஏ.பி.எஸ். ஆகிவிடாது. ஆகவே, மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோனை இடுவர். ஏ.பி.எஸ். இளகிப் பிசுபிசுக்கும், கண்ணாடியிழைப் பலகை அவ்வாறு எளிதில் இளகாது. இச்சொட்டுச் சோதனையை நான் அறிந்திருந்தால் நம் கடிகாரம் தப்பியிருக்கும். தின்னரும் இத்தகைய கரைப்பான்களின் கலவையே. மறைவான மூலையில் ஒரு சொட்டு இட்டுப் பார்க்க வேண்டியதை நான் முகத்திலேயே இட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது, வெடிப்பை நிறுத்துதல். வெடிப்பு முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிடுவர். கூர்மையான நுனியில் குவியும் இழுவிசை, வட்டமான விளிம்பில் பரவிக் குறைந்துவிடும். வெடிப்பும் அங்கேயே நின்றுவிடும்.

நான்காவது, ஒட்டுதல். ஏ.பி.எஸ். துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்தால் அவை கரைந்து கூழாகும். தின்னர் என் கடிகாரத்துக்குத் தீங்கு செய்த அதே தன்மை இங்கு நன்மையாகிறது. இக்கூழை வெடிப்பில் நிரப்பி, பலகையின் பின்புறத்தில் கண்ணாடியிழைத் துணியை வைத்து அதன்மேலும் பூசுவர். அசிட்டோன் ஆவியாகிப் போனதும், பழைய பலகையும் புதிய கூழும் ஒன்றாக இறுகிவிடும். ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் உள்ளே ஈரம் தங்கிக் குழி விழும். மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஒவ்வொன்றும் நன்கு காயும்வரை காத்திருத்தல் வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஐந்தாவது, சாயம் பூசுதல். மேற்பரப்பை நுண்ணிய மணல்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கென்றே செய்த அடிப்பூச்சைப் பூசிய பின்னரே சாயம் பூச வேண்டும். இங்கும் மெல்லிய பூச்சுகளே நிலைத்து நிற்கும். மீண்டும் பொருத்தும்போது ஆணித் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, பலகை நீளவும் சுருங்கவும் இடம் விடுதல் அறிவுடைமையாகும்.

மஞ்சளை வெளுத்துவிட முடியாதா?

முடியும். 2008-ஆம் ஆண்டளவில் பழைய கணினிகளைச் சேகரிப்போர் ஒரு முறையைப் பரப்பினர். அதற்கு ரெட்ரோபிரைட் என்று பெயர். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசிப் புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சள் நிறம் மறைகிறது. சிறு பொருள்களுக்கு இது ஏற்றது. பெரிய பலகையில் பூச்சு ஒரே சீராக அமையாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். காலப்போக்கில் மஞ்சள் திரும்பவும் வரலாம்.

இவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. பெராக்சைடு நிறத்தை மாற்றுகிறதேயன்றி இழந்த உறுதியைத் திரும்பத் தருவதில்லை. நரைத்த தலைக்கு மை பூசுவதால் முழங்கால் வலி நீங்குமா? வெளுத்த பலகை புதிது போல் தோன்றும். ஆனால் பழையது போலவே உடையும். எனவேதான் அனுபவம் மிக்கவர்கள் முதலில் பின்புறத்தை வலுப்படுத்துகின்றனர். அதன் பின்னரே முன்புறத்தை அழகுபடுத்துகின்றனர்.

எச்சரிக்கையும் கடமையும்

மாணவர்களே, நீரில் மிதக்கும் சோதனையை மட்டுமே நீங்கள் செய்து பார்க்கலாம். அசிட்டோனும் தின்னரும் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றின் ஆவி தலைச்சுற்றலைத் தரும். செறிவு மிகுந்த பெராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பெரியவர்களும் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு அப்பால், கையுறையும் கண் காப்பும் அணிந்தே இவற்றைக் கையாளுதல் வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் வெயிலிலேயே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் உதிர்ந்தாலும், காலில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலும் அதில் யாரையும் அமர விடாதீர்கள். பயண வண்டியின் உட்பலகை ஆளின் எடையைத் தாங்குவதில்லை. ஆகவே ஒட்டிப் பயன்படுத்தலாம். நாற்காலியோ நம் வீட்டு முதியோரைத் தாங்குவது. எதைச் செப்பனிட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று பிரித்தறிவதும் கைத்தொழிலின் ஒரு பகுதியே.

மூப்பைத் தள்ளிப் போடும் வழி மிக எளிது. வெயிலைத் தடுத்தால் போதும். பயண வண்டிக்காரர் சன்னலில் திரை மாட்டுவர். நாம் நாற்காலியையும் தண்ணீர்த் தொட்டியையும் நிழலுக்கு நகர்த்துவோம். அதற்குக் காசு செலவில்லை.

இறுதியாக, அம்மாணவிக்கு என் விடை. மகளே, புதிய கடிகாரம் வாங்குவது பெரிய காரியமன்று. ஆனால் ஒரு பொருளின் தன்மையை அறியாமல் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்பதை அந்த மங்கிய முகப்பு நாள்தோறும் எனக்கு நினைவூட்டுகிறது. அதைக் கொடுத்தவரின் அன்பு இன்னும் மங்கவில்லை. ஆதலால் அது அங்கேயே இருக்கட்டும். சன்னலோரத்திலிருந்து மட்டும், நிழலான சுவருக்கு மாற்றிவிட்டேன்.