நாலடிப் பலகையில் திருச்செந்தூர் லைன்



கண்காட்சிக்கு ரயில் மாடல் என்றதும் நம்மில் பலர் முதலில் என்ன செய்கிறோம்? தண்டவாளத்தை ஒட்டிவிட்டு, மிச்ச இடத்தில் ஒரு மலை, ஒரு குகை, நாலு பச்சை மரம்! திருநெல்வேலி–திருச்செந்தூர் லைனில் குகை எங்கே இருக்கு? குகை வேணும்னா செங்கோட்டை–புனலூர் பாதைக்குத்தான் போகணும். நம்ம ஊர் லைனை நம்ம ஊர் மாதிரியே எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போமா?

முதலில் கணக்கு. நம்மிடம் இருப்பது 4 அடிக்கு 2 அடி பிளைவுட். 1:87 அளவான எச்.ஓ. ஸ்கேலில் வளைவின் ஆரமே சுமார் 36 செ.மீ. வரும்; வட்டம் 2 அடிக்குள் அடங்காது. 1:160 அளவான 'என்' ஸ்கேலில் 22 செ.மீ. ஆரம் போதும், அடங்கிவிடும். வட்டத்தின் பின்பாதியை ஒரு திரைப் பலகைக்குப் பின்னால் மறைத்துவிடலாம். ஆனால் இந்த ஸ்கேலிலும் நம்ம பலகை நிஜத்தில் 195 மீட்டர்தான். 61 கி.மீ. லைனை முழுசாகச் செய்ய 380 மீட்டர் பலகை வேணும்! ஆகவே ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். என் யோசனை, செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே ஒரு துண்டு.

ஏன் அந்த இடம்? 1923-ல் மீட்டர் கேஜாகத் திறந்து, 2008-ல் பிராட் கேஜாக மாறிய லைன் இது. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்தினார்கள். உள்ளே சுமார் 800 பேர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய நேரம் அது. வண்டி போகவேண்டிய பாதையில் ஜல்லியும் மண்ணும் அடித்துப்போய், தண்டவாளம் ஸ்லீப்பரோடு அந்தரத்தில் தொங்கியது. நிறுத்தாமல் விட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கு. பயணிகள் எல்லோரும் மீட்கப்பட 19-ம் தேதி ஆகிவிட்டது. மறுபடி ரயில் ஓடியது 2024 ஜனவரியில்தான்.

அதனால்தான் சொல்கிறேன், திட்டத்தை மரத்திலிருந்து ஆரம்பிக்காதீங்க, தண்ணீரிலிருந்து ஆரம்பிங்க. இந்தச் சீமையின் நிலத்தை வரைந்ததே தண்ணீர்தான். முத்துக்குப் பேர்போன துறைமுகமான கொற்கையே, தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால், இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறதே!

இங்கே லைன் ஆற்றின் தென்கரையில் போகிறது. தெற்கே உள்ள குளங்களின் மறுகால் தண்ணீர், லைனைத் தாண்டித்தான் வடக்கே ஆற்றுக்குப் போகணும். பலகையில் திரைப்பக்கம் தெற்கு, பார்ப்பவர் பக்கம் வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையை ஒட்டிக் குளக்கரை, மடை, கலுங்கு. நடுவே லைன். முன்னால் வயலும் வாழையும்.

சர்வே வகுப்பில் படித்த காண்டூர் இங்கே கைகொடுக்கும். அரை அங்குல தெர்மாகோல் ஒரு அடுக்கு என்பது நிஜத்தில் 2 மீட்டர். டிராயிங் ஷீட்டில் காண்டூர் வரைந்து, அதன்படி வெட்டி அடுக்குங்கள். பெவிகால் மட்டும் போதும். தின்னர் கலந்த பசை தெர்மாகோலையே கரைத்துவிடும்.

இப்போது ஒரு பரீட்சை. பூச்சு எதுவும் பூசுவதற்கு முன், குளத்துப் பக்கமிருந்து ஒரு கோலிக்குண்டை உருட்டி விடுங்கள். லைன் கரையில் முட்டி எங்கே நிற்கிறதோ, அங்கே பாலமோ கல்வெர்ட்டோ வேணும். நாலைந்து இடத்திலிருந்து உருட்டிப் பார்த்து, நிற்கிற இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்து வெட்டுங்கள். தெர்மாகோலாக இருக்கும்போது வெட்ட அஞ்சு நிமிஷம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசின பிறகு ஒரு நாள் வேலை!

கடைசியில்தான் அலங்காரம், அதுவும் அளவோடு. 16 மீட்டர் பனை 10 செ.மீ. இருக்கணும், 4 மீட்டர் உயர ரயில் பெட்டியோ 2.5 செ.மீ.தான். பனை தீக்குச்சி அளவில் இருந்தால் பார்ப்பவர் சிரிப்பார். 3 மீட்டர் வாழை 2 செ.மீ.க்குள் அடங்கும்; பச்சைக் காகிதத்தில் வெட்டிக்கொள்ளலாம். வயலுக்குச் சாயம் போட்ட மரத்தூள். லைன் திரைக்குள் நுழையும் இரண்டு மூலையிலும் பனைக்கூட்டம் வைத்தால் ஓட்டை தெரியாது. ஜல்லிக்குக் கட்டட மணலை அப்படியே கொட்டாதீங்க. 5 மி.மீ. கல் ஒன்று இந்த ஸ்கேலில் 80 செ.மீ. பாறாங்கல்! மாவு சல்லடையில் சலித்த பொடிமணல்தான் சரி.

கண்காட்சியில் எல்லோரும் ஓடுகிற வண்டியைத்தான் பார்ப்பார்கள். யாராவது ஒரு சின்னப் பையன் குனிந்து, "அண்ணே, இந்த ஓட்டை எதுக்கு?" என்று கேட்டால், அந்த டிசம்பர் ராத்திரியைச் சொல்லுங்கள். நாளைக்கு நம்மில் யாராவது நிஜமான பாலத்துக்கு வரைபடம் போடும்போது அந்தக் கோலிக்குண்டு ஞாபகத்துக்கு வரட்டும். செய்துதான் பாருங்களேன்!